தடுப்பு மருந்து எட்டாத வீடுகள்



கிட்டங்கி நிறையச் சரக்கு இருப்பதனால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சரக்கு வாங்குபவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது விற்பனை. தடுப்பு மருந்தின் விஷயமும் இப்படிப்பட்டதே. மருந்து உண்டு, வைத்தியர் உண்டு, கிளினிக்கும் உண்டு. ஆயினும் 2024-ஆம் வருஷத்தில் உலகத்தில் 1 கோடியே 43 லட்சம் சிசுக்கள் முதல் வயதிற்குள் போட வேண்டிய முக்கியமான தடுப்பூசியில் ஒரு தடவைகூடப் போடப்படாதவர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் கணக்கிட்டுள்ளன. இவர்கள் யார், மருந்து ஏன் இவர்களை எட்டவில்லை, எட்ட வைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் பாடம்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்க வரும் வெளிநாட்டுக் கூலியாள் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். "கிளினிக்குக்குக் கொண்டு போ" என்று சொல்லிவிட்டு, என் கடமை முடிந்தது என்று கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் சென்று மறுபடி கேட்டபோதும் அதே "இல்லை" தான். காரணம் கேட்டேன். கிளினிக் திறந்திருக்கும் நேரம் அவர் மூட்டை தூக்கும் நேரம். போனால் அன்றைய கூலி இல்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. தாயிடம் சரியான பத்திரம் இல்லை; யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கொடுக்கும் சீட்டை வாசிக்கவும் தெரியாது. நான் சொன்னது ஒரே வார்த்தை. அவர் தாண்ட வேண்டியதோ நான்கு வேலிகள். அந்தத் தகப்பனைக் கவலையில்லாதவர் என்று நினைத்திருந்தேனே, கவலையில்லாதவன் நான்தான்.

இனி, இதைப் பெரிய அளவில் தீர்த்துக் காட்டிய ஒரு தேசத்தின் கதையைப் பார்ப்போம்.

இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க 1995-ஆம் வருஷம் நாடு முழுவதும் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் தொடங்கிற்று. மற்ற மாநிலங்களில் நோய் குறைந்துகொண்டே வந்தும் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலும் பீஹாரிலும் அது விடாப்பிடியாக நின்றது. 2009-ஆம் வருஷத்தில் இந்தியாவில் 741 பேருக்கு இந்நோய் கண்டது. அந்த வருஷம் உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. இந்தியாவில் இது ஒழியவே ஒழியாது என்று கூறியவர்களும் உண்டு.

நோய் ஏன் அங்கே நின்றது? முதற் காரணம் நெருக்கமும் அசுத்தமும். சாக்கடை வசதியில்லாத இடங்களில் கிருமி மலத்தின் வழியாகப் பரவும். ஓயாத வயிற்றுப்போக்கினால் கொடுத்த சொட்டு மருந்தும் பல பிள்ளைகளுக்குச் சரியாகப் பலிக்கவில்லை. பல தடவை கொடுத்தும் நோய் வந்த வீடுகளைக் கண்டு அண்டை வீட்டார் நம்பிக்கை இழந்தனர்.

இரண்டாவது காரணம் சந்தேகம். மொராதாபாத் முதலிய இடங்களில், ஏழை முஸ்லிம் குடும்பங்களிடையே, இம்மருந்து பிள்ளைப்பேறு இல்லாமல் செய்துவிடும் என்ற வதந்தி பரவிற்று. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. காய்ச்சலுக்கு வைத்தியர் வராத தெரு, சாக்கடை அள்ள ஆள் வராத தெரு, ஆனால் இந்த இரண்டு சொட்டு மருந்துக்கு மட்டும் மாதா மாதம் வாசலைத் தட்டுகிறார்கள் என்றால், "ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்பது மனித இயல்பு. கேட்காமலே இனாம் கொடுக்கும் புது வியாபாரியை நாமும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கத்தானே செய்வோம்!

மூன்றாவது காரணம், கணக்கில் இல்லாத பிள்ளைகள். செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் கூலிக்கு இடம் மாறும் குடும்பங்கள், நாடோடிகள், பீஹாரில் கோசி ஆற்று வெள்ளம் சூழ்ந்த கிராமத்தார் ஆகியோர் எந்த ஊர்ப் பட்டியலிலும் நிலையாக நில்லாதவர்கள்.

இவற்றுக்குச் செய்த பரிகாரங்களைக் கவனியுங்கள். அந்தந்தத் தெருவில் வசிக்கும் பெண்களையே வேலைக்கு எடுத்து, ஒருவருக்கு ஏறத்தாழ 500 வீடுகள் என்று பொறுப்புக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் எந்த மாதம் பிரசவம் என்பது தெரியும். அவள் நோட்டுப் புத்தகமே அந்தத் தெருவின் பேரேடு. மருந்து பெற்ற பிள்ளையின் இடக்கைச் சிறுவிரலில் மை வைத்தார்கள். முடிந்த வீட்டுக் கதவில் ஓர் அடையாளம், பாக்கியுள்ள வீட்டுக் கதவில் வேறோர் அடையாளம் இட்டு, பாக்கி வீட்டுக்கு மறுபடி போனார்கள். ஆலிம்களை அணுகி விளக்கம் கூறினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம்களே அறிவிப்புச் செய்தனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற ஸ்தாபனங்களும் துணை நின்றன. அதிகாரி சொல்லித் திறக்காத கதவு, தங்கள் மஹல்லாவின் இமாம் சொல்லித் திறந்தது.

அதோடு, "சொட்டு மருந்து மட்டும்தானா?" என்ற ஜனங்களின் நியாயமான கேள்விக்கும் பதில் கொடுத்தார்கள். மிக மோசமாக இருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்து, சுத்தமான தண்ணீர், கைகழுவும் பழக்கம், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், மற்றத் தடுப்பூசிகள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு போனார்கள். ரயில் நிலையத்திலும் சந்தையிலும் சூளையிலும் ஆள் நிறுத்தி, பயணத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே மருந்து கொடுத்தார்கள். 2010-இல் முன்னதைவிடப் பலன் மிகுந்த புதுவகைச் சொட்டு மருந்தும் வந்தது.

பலன் என்ன? 2010-இல் 42 பேர். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளம் ஹௌராவில் ஒரு பெண் குழந்தை. அதுவே இந்தியாவில் காட்டுக் கிருமியால் கண்ட கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-ந் தேதி இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது.

"அது எங்கோ இந்தியாவில்" என்று நாம் இருந்துவிட முடியாது. 2000-ஆம் வருஷமே நோய் நீங்கிய நாடு என்று பெயர் பெற்ற நமது மலேசியாவில், 27 வருஷங்களுக்குப் பின்னர், 2019 டிசம்பரில் சபா மாநிலம் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த கிருமி, மருந்து பெறாத பிள்ளைகள் மிகுந்த இடத்தில் நெடுநாள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, பழைய வலுவைத் திரும்பப் பெற்றதனால் வந்த நோய் அது. இதனால் மருந்தே கெட்டது என்று நினைப்பது தவறு. அனைவரும் பெற்றிருந்தால் அக்கிருமிக்குத் தாவ இடமே கிடைத்திராது. அக்குழந்தை மலேசியப் பிரஜை என்பதையும் கவனியுங்கள். கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. ஆகவே சர்க்கார், சபாவில் 13 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், பிரஜையா அல்லவா என்று பாராமல், மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. நான்கு பிள்ளைகளோடு நோய் நின்றது. 2021-இல் அது முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்நோயில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்கே கைகால் விளங்காமற் போகும். மற்றவர்கள் தாம் அறியாமலே பரப்புவார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரு நோயாளிக்குப் பின்னால் கணக்கில் வராத கடன் அத்தனை!

ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம் என்றால் நாம் யாரும் தர்க்கம் செய்வதில்லை. வரிசையில் நின்று போட்டுக்கொள்கிறோம். கூட்டத்தில் நம்மால் பிறருக்குத் தீங்கு வரலாகாது என்பது நமக்கு விளங்குகிறது. நம் கடைத்தெருவும் தினந்தோறும் கூடும் கூட்டமல்லவா?

வியாபாரிகளாகிய நம்மால் ஆவது இவைதாம். நம்மிடம் வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளின் ஊசிச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஊசி நாளன்று கூலி பிடிக்காமல் அரை நாள் விடலாம். கட்டணம் கொடுக்க இயலாதவருக்குச் சங்கத்தின் மூலம் உதவலாம். வதந்தி பேசுவோரைக் கேலி செய்யாமல், அவர் நம்பும் ஒரு வைத்தியரிடமோ ஆலிமிடமோ அழைத்துச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "போ" என்று சொல்வதை விட்டு, "வா, போவோம்" என்று சொல்லலாம்.

அந்தக் கூலியாளோடு நான் ஒரு காலை கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். குழந்தை ஊசிக்கு அழுதது, தகப்பன் சிரித்தார். அடுத்த தேதியை என் கடை நாட்காட்டியில் நானே குறித்து வைத்திருக்கிறேன். பாக்கியுள்ள கணக்கை எழுதி வைப்பது நமக்குப் பழக்கந்தானே.