பேதியும் மலச்சிக்கலும்: மருந்து செய்யும் வேலை
தேவாரத்திலிருந்து ஏலமலைக்கு வேலைக்குச் செல்லும் அங்கத்தினர்கள் அறிய வேண்டுவது: பேதியில் உயிரைப் போக்குவது ஜலமும் உப்பும் குறைதலேயாம். சர்க்கரை உப்பைக் குடலினின்று இரத்தத்தில் சேர்க்கிறது. உப்பைத் தொடர்ந்து ஜலமும் சேர்கிறது. 1971-ம் வருஷம் மேற்கு வங்காளத்துப் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்நீரையே கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் 4-க்கும் குறைந்தது.

ஆகவே, உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் கண்ட அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துப் பருகுக. குமட்டினால் நிறுத்தாது, சிறுகச் சிறுகக் கொடுக்க. லோபரமைடு மாத்திரை குடலசைவை மட்டுப்படுத்துமேயன்றி, இழந்த ஜலத்தை ஈடு செய்யாது. குழந்தைகளுக்கும் இரத்தபேதிக்கும் ஆகாது.

மலச்சிக்கலில் திருநெல்வேலி நிலாவரை குடலைத் தூண்டும். இஸப்கோல் நீரேற்றுப் பருத்து மலத்தை இளக்கும். இஸப்கோலுடன் நிறைய நீர் பருகுதல் அவசியம்.

கண் குழிந்து சிறுநீர் குறைந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.