ஒளிக் கணிப்பொறியும் காத்திருக்கும் வரிசையும்

ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அந்த ஒளியே கணக்குப் போட்டால் எவ்வளவு விரைவாகப் போடும்! இந்த ஆசையில் பிறந்ததே ஒளிக் கணிப்பொறி. வழக்கமான கணிப்பொறியில் மின்னோட்டம் செய்யும் வேலையை இதில் லேசர் ஒளி செய்கிறது. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹுவாங் என்பவரின் குழு, ஒளியால் செயல்படும் பொறி ஒன்றை இயக்கிக் காட்டியது.

ஆனால் தோழியரே, உள்ளே ஓடுவது ஒளி என்பதாலேயே பொறி முழுவதும் விரைவானது என்று கூறிவிடலாமா? இதற்கு விடை தருவது கணிதத்தின் ஒரு பிரிவாகிய வரிசைக் கோட்பாடு.

கோட்பாடு பிறந்த இடம்

கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் 1909-இல் இதற்கு வித்திட்டார். எத்தனை இணைப்புகள் இருந்தால் பேச விரும்புவோர்க்குத் தடை நேராது என்பதே அவரை எதிர்நோக்கிய கேள்வி. ரேஷன் கடைக்கும் கணிப்பொறிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். வேலை வருகிறது, தன் முறைக்காகக் காத்திருக்கிறது, முடிந்து வெளியேறுகிறது.

ஓர் எளிய கணக்கு

ஒரு பொறி வினாடிக்குச் சராசரியாக 10 வேலைகளை முடிக்கும் என்று கொள்வோம். வேலைகள் வரும் நேரமும், ஒவ்வொன்றும் முடியப் பிடிக்கும் நேரமும் தற்செயலாக மாறுபடுகின்றன. அப்போது ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நேரத்தைக் காண எளிய வழி உண்டு. முடிக்கும் வேகத்திலிருந்து வரும் வேகத்தைக் கழித்து, வரும் விடையால் 1-ஐ வகுக்க வேண்டும்.

வினாடிக்கு 5 வேலைகள் வந்தால் தங்கும் நேரம் 0.2 வினாடி. 8 வந்தால் 0.5 வினாடி. 9 வந்தால் 1 வினாடி. 9.5 வந்தாலோ 2 வினாடி! வரவு சிறிது கூட, காத்திருப்பு மடங்கு மடங்காகப் பெருகுவதைக் காண்க.

ஒளிக்கு முன் நிற்கும் வரிசை

ஒளிக் கணிப்பொறிக்குள் செய்தி நுழைய, முதலில் மின் குறிப்பு ஒளியாக மாற வேண்டும். இந்த வாயில் வினாடிக்கு 10 வேலைகளையும், உள்ளிருக்கும் ஒளிப்பகுதி 1000 வேலைகளையும் முடிப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 9 வேலைகள் வருகின்றன. வாயிலில் 1 வினாடி கழிகிறது. ஒளிப்பகுதியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியே கழிகிறது. ஒளிப்பகுதியை 2000 வேலைகள் செய்யும்படி உயர்த்தினாலும் பயன் இல்லை என்றே சொல்லலாம். மாறாக, வாயிலின் வேகத்தை 10-லிருந்து 12 ஆக்கினால் போதும், 1 வினாடி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்!

ஒளிக்கு நிற்கத் தெரியாது

இன்னுமொரு சிக்கல் உண்டு. மின் செய்தியை நினைவகத்தில் நிறுத்தி வைக்கலாம். ஒளியை அப்படி எளிதில் நிறுத்த இயலாது. நீண்ட கண்ணாடி இழையில் ஓடவிட்டுத்தான் தாமதப்படுத்துகிறார்கள். கண்ணாடியில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். எனவே ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் காத்திருக்கவே 200 மீட்டர் இழை வேண்டும்.

காத்திருக்க இடமே இல்லையெனில் என்ன ஆகும்? எர்லாங் 1917-இல் தந்த சூத்திரம் இதற்கு விடை கூறுகிறது. வினாடிக்கு 10 வேலைகள் செய்யும் பொறிக்கு 5 வேலைகளே வந்தாலும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு திருப்பி அனுப்பப்படும். பாதி நேரம் ஓய்ந்திருக்கக்கூடிய பொறிக்கே இந்த நிலை!

ஆகவே ஒரு கணிப்பொறியை மதிப்பிடுவோர் அதன் மிக விரைவான உறுப்பைக் கண்டு மயங்கலாகாது. மிக மெதுவான உறுப்பு எது, வேலைகள் காத்திருக்க இடம் எங்கே என்னும் இரு கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒளியின் வேகத்தை மனிதன் மாற்ற முடியாது. ஆனால் அதன் முன் நிற்கும் வரிசையைக் குறைக்க முடியும். அதற்கு வழிகாட்டுவது, நாம் வகுப்பில் கற்கும் கழித்தலும் வகுத்தலும் நிகழ்தகவுமே.