பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்!



சூளகிரி பக்கத்து ஊர்களிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நம் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வண்டியை விட்டு இறங்கும்போது, களி கிண்டிக் குழம்பு வைக்கத் தெம்பு இருப்பதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் வாங்கினால் பத்து நிமிஷத்தில் சாப்பாடு ரெடி. "வாங்கவே வாங்காதீங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் நடக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதை வாங்கலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்பதே இந்த மாதப் பாடம்.

நம் நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கும் வேலைக்கு நம்மைப் போன்ற மகளிர் குழுப் பெண்களையே எடுத்தார்கள். மாத்திரை வீடு தேடி வரலாம். தட்டில் என்ன விழுகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம்

"அக்கா, இது சுகர் ஃப்ரீ பிஸ்கட், எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்பார்கள். இது தவறு. 'சுகர் ஃப்ரீ' என்றால் சர்க்கரை ஏறக்குறைய இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதில் இருக்கும் மைதா வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகத்தான் மாறும். 'ராகி', 'மல்டி கிரெய்ன்' என்ற பெரிய எழுத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை நான்கு.

1. பொருட்கள் பட்டியல். 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று போட்டிருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். ராகி நூடுல்ஸ் என்று வாங்கினால், முதலில் இருப்பது 'ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்', அதாவது மைதாவா என்று பாருங்கள். ராகி எத்தனை சதவீதம் என்பதும் அங்கேயே இருக்கும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான். வெல்லம், தேன் என்றிருந்தாலும் அதே கதைதான்.

2. மாவுச்சத்து. 'கார்போஹைட்ரேட்' என்ற வரி. சர்க்கரை வரியை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பதை இந்த வரிதான் பெரும்பாலும் சொல்லும்.

3. உப்பு. 'சோடியம்' என்று மில்லிகிராமில் இருக்கும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இது சுமார் 5 கிராம் உப்புக்குச் சமம். சர்க்கரையோடு பி.பி.யும் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

4. எடை. கணக்கு பெரும்பாலும் 100 கிராமுக்குப் போட்டிருக்கும். நாம் சாப்பிடுவது எத்தனை கிராம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 64 கிராம், சோடியம் 1200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் 70 கிராம். அப்படியானால் ஒரு பாக்கெட்டில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து, 840 மில்லிகிராம் சோடியம். ஒரு வேளையிலேயே நாள் முழுவதற்குமான உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்தது. பசிக்கிறதென்று இரண்டு பாக்கெட் போட்டால் மாவுச்சத்து 90 கிராம் ஆகிவிடும்.

எதை எடுக்கலாம்?

• கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு சேர்ந்த ரெடிமேட் குழம்பு பாக்கெட்டில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. உப்பையும் எண்ணெயையும் பார்த்து வாங்குங்கள்.

• இட்லி மாவு வாங்கினால் எண்ணிக்கையைக் குறைத்து, காய் நிறையப் போட்ட சாம்பாரோடு சாப்பிடுங்கள்.

• ஓட்ஸ் வாங்கினால் மசாலா கலக்காத வெறும் ஓட்ஸ் நல்லது.

• மைதா பரோட்டா, கப் நூடுல்ஸ், இனிப்புக் கலந்த ராகி மால்ட் வேண்டாம். நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். ராகிக் களி ஆனாலும் அளவு முக்கியம்.

எந்தப் பாக்கெட்டானாலும் பாதித் தட்டு காய்கறி இருக்கட்டும். காய்கறியும் கொத்தமல்லியும் விளையும் ஊர் நம்முடையது. ஒரு கைப்பிடி கீரை, நாலு அவரைக்காய் நறுக்கிப் போட ஐந்து நிமிஷம் போதும்.

இதை மறக்காதீர்கள்

சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து, மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் உதவாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வேலைக்குப் போகும் பையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மாத்திரை அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

பாக்கெட் விவரம் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. படிக்கத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள ஒரு காலிப் பாக்கெட்டைக் கொண்டு வாருங்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பேசுங்கள்:

1. முதலில் எழுதியிருக்கும் பொருள் எது?
2. நாம் சாப்பிடும் அளவுக்கு மாவுச்சத்து எவ்வளவு? உப்பு எவ்வளவு?
3. இதே காசுக்கு நம் சந்தையில் என்ன வாங்கலாம்?

குழுவில் ஒரு ரூபாய் செலவென்றாலும் ரசீதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். உடம்புக்குள் போகிற சாப்பாட்டையும் அதே கண்ணோடு பார்ப்போம்.