கணினிக் கணக்கின் சாவிகள்

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைப்பது பழைய வழக்கம். இருவர் சேர்ந்தாலன்றிப் பெட்டி திறவாது. கணக்குகள் கணினிக்கு மாறிய பின்னர் அவ்விரு சாவிகளும் எங்கே போயின என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இது நகரத்துக் கம்பெனிகளுக்கு மட்டும் உரிய பாடமன்று; 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் அளித்துவிட்டது.

சங்கத்தில் 12 ஊழியர்கள் உளர் என்றும், மென்பொருளில் 30 வகை அனுமதிகள் உண்டு என்றும் கொள்வோம். ஆளுக்கு ஆள் தனித்தனியே குறிப்பதானால் 360 இடங்களில் முடிவு செய்தல் வேண்டும். கை சலித்தவர் என்ன செய்வார்? எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார். பெரும்பாலான கேடு இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மாற்றாக, அனுமதியை ஆளுக்கு அளியாமல் பொறுப்புக்கு அளிக்கும் முறையை 1992-இல் அமெரிக்க அறிஞர்களான ஃபெரையோலோ, குன் ஆகிய இருவர் ஒழுங்குபட வகுத்துரைத்தனர். காசாளர், நூல் கிடங்குப் பொறுப்பாளர், கடன் எழுத்தர், மேலாளர் என நான்கு பொறுப்புகளுக்கு 120 முடிவுகள் போதும். பின்னர் 12 பெயர்களையும் உரிய பொறுப்பில் மொத்தமாகச் சேர்த்துவிடலாம்.

ஆயினும் மொத்தமாகச் செய்யும் வேலையில் பிழையும் மொத்தமாகவே பரவும். எக்ஸெல் பட்டியலில் 0042 என்ற ஊழியர் எண் 42 ஆகிவிடுவதுண்டு. அனுமதி உரியவரைச் சேராது, அன்றி வேறொருவரைச் சேரும். வெற்றிடமாக விட்ட கட்டத்தைச் சில மென்பொருள்கள் ‘மாற்றம் இல்லை’ என்றும், சில ‘நீக்குக’ என்றும் கொள்ளும். ஆதலால் பழைய பட்டியலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்து, முதலில் ஒரு சோதனைப் பயனருக்கு மட்டும் ஏற்றிப் பார்த்தல் நலம்.

இன்னொன்று. ஒருவருக்கு இரண்டு பொறுப்புகள் தரப்பட்டால், பல மென்பொருள்களில் இரண்டின் அனுமதிகளும் கூடிவிடும். கடன் எழுத்தர் விடுப்பில் செல்கையில் மேலாளர் அப்பொறுப்பையும் ஏற்றால், கடனைப் பதிகின்றவரும் அதற்கு ஒப்புதல் அளிப்பவரும் ஒருவரே ஆகிவிடுவார். இரண்டு சாவியும் ஒரே மடியில்! தற்காலிகப் பொறுப்பை முடிவுத் தேதி குறித்தே வழங்குதல் வேண்டும். அவர் பதிந்த கடனுக்கு வேறொருவரே ஒப்புதல் அளித்தல் வேண்டும்.

ஓய்வு பெற்றவரின் பயனர் கணக்கை அன்றே முடக்குக, அழித்தல் கூடாது. அழித்துவிட்டால், பழைய பதிவு எவர் கையால் ஆயிற்று என்பதைத் தணிக்கையாளர் காண இயலாமற் போகக்கூடும்.