டீ குடிக்க இறங்கும் பத்து நிமிஷம்

சென்னை–திருச்சி சாலையில் திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி ஓட்டல்கள் பக்கம் காரை நிறுத்தாதவர்கள் குறைவு. பின்சீட்டில் லேப்டாப் பை கண்ணில் பட்டால், கண்ணாடியை உடைத்து எடுக்கச் சில நொடிகள் போதும். பையை டிக்கியில் வையுங்கள், அதையும் வீட்டில் கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். ஓட்டல் வாசலில் டிக்கியைத் திறந்து வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நீங்களே இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. கிளம்பும்போதே பையை டிக்கியில் வைப்பதை மட்டுமாவது இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

ரிமோட்டை அழுத்திய கையோடு நடந்துவிடாதீர்கள். இண்டிகேட்டர் மின்னியதா பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

விழுப்புரம் ஜங்ஷனில் காரை விட்டுவிட்டு ரயிலேறப் போகிறீர்களா? தெருவோரத்தைவிட, சீட்டு கொடுத்து ஆள் காவலிருக்கும் இடமே மேல். மாற்றுச் சாவி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். கார் திருடுபோனால் இன்சூரன்ஸில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். உள்ளே இருந்த பொருளுக்கு கார் பாலிசி பொதுவாகப் பணம் தராது. கண்ணாடி உடைந்து கிடந்தால் எதையும் தொடாமல் படமெடுத்து, 112-க்குப் போன் செய்யுங்கள்.