கடலோரப் பாதை என்றால் சமதரை அல்ல

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா கடற்கரையில், லா ஸ்பெட்ஸியா நகருக்குப் பக்கத்தில் ஐந்து சிற்றூர்கள் பாறைச் சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன: மொன்டெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னில்யா, மனரோலா, ரியோமாஜோரே. ஐந்துக்கும் சேர்த்து சிங்குவே தெர்ரே என்று பெயர். ஊர் விட்டு ஊர் நடந்தே போகலாம் என்பதுதான் இந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. இரண்டு மூன்று நாள் நடைப்பயணத்துக்காக இங்கே போகத் திட்டமிடுபவர்கள் பலர் ஒரே கணக்கைப் போடுகிறார்கள்: கடலோரப் பாதைதானே, காற்று வாங்கியபடி காலாற நடந்தால் ஒரே நாளில் ஐந்து ஊரையும் பார்த்துவிடலாம். பொருந்தாத காலணி, பொருந்தாத மாதம், மூடிய பாதை முன் நின்று படும் ஏமாற்றம், நடப்பதற்குக் கட்டணமா என்ற எரிச்சல் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை. நடக்கப்போவது எப்படிப்பட்ட நிலத்தில் என்று தெரிந்துகொண்டால் இவை ஒவ்வொன்றாக விலகிவிடும்.

தூரத்திலிருந்து தொடங்கலாம். ஐந்து ஊர்களையும் கடலை ஒட்டி இணைக்கும் பழைய தடத்துக்கு ‘நீலப் பாதை’ என்று பெயர். மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். சமதரையில் இது மூன்று மணி நேர நடைதான். ஆனால் மொன்டெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்குப் போகும் மூன்றரை கிலோமீட்டருக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு ஊர்களும் கடல் மட்டத்தில் இருந்தாலும், இடையில் 150 மீட்டருக்கு மேல் ஏறி, ஏறியதையெல்லாம் இறங்க வேண்டும். உயரமும் அகலமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கல்படிகள் நூற்றுக்கணக்கில் வரும். அடுத்த துண்டில் பிரேவோ என்ற குக்கிராமத்தருகே பாதை ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. கோர்னில்யா ஊரே கடலுக்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போவதற்கே சுமார் 380 படிகள் ஏற வேண்டும். அப்படியானால் ‘காலாற நடக்கலாம்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ரியோமாஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடும் ‘காதல் பாதை’யின் படங்களிலிருந்து. சமதரையாக, கைப்பிடிக் கம்பியோடு, கடலைப் பார்த்தபடி செல்லும் துண்டு அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரயில் பாதை வேலைக்காகப் பாறையை வெட்டி எடுத்ததில் பிறந்த வழி அது. காதலர்களின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. விதிவிலக்கான அந்த ஒரு கிலோமீட்டரை வைத்து மற்ற பதினொன்றையும் எடைபோட்டதுதான் பிழை.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமானது: இவை மீனவ ஊர்கள், சுற்றியிருப்பது இயற்கை தந்த அழகு. மீன்பிடிப்பு இங்கே உண்டு. மொன்டெரோஸ்ஸோவின் நெத்திலி இனத்துச் சிறுமீன் இன்றும் பெயர் பெற்றது. ஆனால் இந்த மக்களைப் பல நூற்றாண்டுகளாக வாழவைத்தது முக்கியமாகத் திராட்சை. அத்தனை உயரத்தில், துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கோர்னில்யாவே அதற்குச் சாட்சி. சரிவில் மண் நிற்காது என்பதால் மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் சாந்தே இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணைக் கொட்டி, கொடி நட்டார்கள். சாந்து சேர்க்காதது வறுமையினால் அல்ல. கல்லிடுக்குகள் வழியே மழைநீர் கசிந்து வெளியேற வேண்டும். சாந்து பூசினால் நீர் உள்ளே தேங்கி, சுவரைத் தள்ளிவிடும். இந்தக் கைவேலையை 2018-இல் யுனெஸ்கோ எட்டு நாடுகளின் பொதுவான மரபுக் கலையாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1997-இல், போர்ட்டோவெனெரேயையும் அருகிலுள்ள தீவுகளையும் சேர்த்து இந்தக் கரையை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றபோது, மனிதரும் நிலமும் சேர்ந்து உருவாக்கிய காட்சி என்றுதான் மதிப்பிட்டது. ஆகவே நடப்பவரின் காலடியில் இருப்பது மலைப்பாதை என்பதைவிட ஒரு பழைய தோட்டத்தின் வரப்பு என்பதே சரி. வரப்பைப் பராமரிக்க ஆள் வேண்டும். இளையவர்கள் தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் போய்விட, படிவயல்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 2011 அக்டோபர் 25-இல் சில மணி நேரம் கொட்டிய மழையில் வெர்னாட்ஸாவின் பிரதான வீதி முதல் மாடி வரை சேற்றிலும் கல்லிலும் புதைந்தது. மொன்டெரோஸ்ஸோவும் தப்பவில்லை. அதன்பின் வெர்னாட்ஸாவுக்கு மேலுள்ள ஓடைப் பள்ளத்தாக்கில் நடந்த மண்ணியல் ஆய்வுகள், உழுது பேணும் படிவயல்களைவிடக் கைவிடப்பட்ட படிவயல்களே எளிதில் சரிந்ததைக் காட்டின. கல்லும் மண்ணும் தாமாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான ஆதாரம் வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொண்டால் ‘ஒரே மூச்சில் ஐந்து ஊர்’ என்ற திட்டம் தானாகவே கழன்றுவிடும். 2012 செப்டம்பரில் காதல் பாதையில் பாறை விழுந்து நடந்து சென்றவர்கள் காயமடைந்தார்கள். அந்த ஒரு கிலோமீட்டரை மீண்டும் திறக்க 2024 ஆகிவிட்டது. இப்போதும் அதில் நுழைய நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மனரோலாவிலிருந்து கோர்னில்யாவுக்குக் கீழ்வழியாகப் போகும் துண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக மூடியே கிடந்தது. ஒருவர் கேட்கலாம்: பாதை மூடியிருந்தால் இவ்வளவு தூரம் போவதில் என்ன பயன்? என் பதில், கடலோரத் துண்டு மூடியிருப்பது நடப்பவருக்கு இழப்பே அல்ல என்பது. கோர்னில்யாவிலிருந்து மேலே ஏறி, வோலாஸ்த்ரா என்ற ஊர் வழியாக மனரோலாவில் இறங்கும் தடம் சுமார் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், வியர்க்கும். ஆனால் அது திராட்சைப் பந்தல்களின் நடுவே, சுவர்களின் தலைமேலேயே செல்கிறது. அறுவடைக் கூடைகளை ஏற்றிவரும் ஒற்றைத் தண்டவாளச் சிறு வண்டிகளை அங்கே அருகில் பார்க்க முடியும். ஏற்றம் முடியாதவர்கள் மனரோலாவிலிருந்து பேருந்தில் வோலாஸ்த்ரா போய், அங்கிருந்து கோர்னில்யாவை நோக்கி நடக்கலாம். ஊர்களுக்கு மேலே ஊருக்கொன்றாக நிற்கும் மாதா கோயில்களுக்குப் போகும் பழைய வழிகள், லெவான்தோவிலிருந்து மெஸ்கோ முனை வழியாக மொன்டெரோஸ்ஸோவுக்கு வரும் பாதை என்று இன்னும் எவ்வளவோ உண்டு. கூட்டம் கடலோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அதே மணியில் இவை அமைதியாக இருக்கும்.

கட்டணத்தைப் பற்றிய எரிச்சலுக்கும் இங்கேதான் விடை. இயற்கையைப் பார்க்கக் காசா என்ற கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். நுழைவுச்சீட்டு கேட்பது பெரும்பாலும் மொன்டெரோஸ்ஸோ–வெர்னாட்ஸா, வெர்னாட்ஸா–கோர்னில்யா துண்டுகளிலும் காதல் பாதையிலும்தான். இந்தக் கரையை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் நூறு கிலோமீட்டருக்கும் மேலான மற்றத் தடங்களில் இலவசமாக நடக்கலாம். ஐந்து ஊர்களிலும் சேர்த்து நிரந்தரமாக வாழ்பவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. வருபவர்களோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில். சரிந்த சுவரைக் கல் கல்லாக எடுத்து அடுக்கும் செலவை அந்தச் சில ஆயிரம் பேர் தலையில் மட்டும் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? காலணி விதியும் இப்படித்தான். செருப்பு, திறந்த காலணியோடு தடங்களில் ஏறினால் 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-இல் பூங்கா அறிவித்தபோது, இது மிகை என்று பலர் சொன்னார்கள். வழுக்கி விழுந்தவரைக் குறுகலான படிகளில் தூக்கிக்கொண்டு இறங்கும் மீட்புக் குழுவினருக்கு அது மிகையாகத் தெரிந்திருக்காது.

மாதத் தேர்வில் கோடை விடுமுறையைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நிழலற்ற தெற்குச் சரிவில் படி ஏறுவது நம் ஊர்க் கத்தரி வெயிலில் மலைக்கோட்டை ஏறுவதற்குச் சமம். கூட்டமும் உச்சத்தில் இருக்கும். அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் பெருமழைக் காலம். வானிலை எச்சரிக்கை கடுமையானால் பூங்கா தடங்களை மூடிவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் பிற்பாதியும் நடக்க ஏற்றவை. ‘ஒரு நாள்தான் இருக்கிறது, என்ன செய்வது’ என்பவர்களுக்கு ஒரே ஒரு துண்டைக் காலையில் நடந்து, மீதியை ரயிலில் பார்ப்பதே உத்தமம். 1874 முதல் இந்தக் கரை வழியே ரயில் ஓடுகிறது. ஊருக்கு ஊர் சில நிமிடம்தான். மூன்று நாள் உள்ளவர்கள் ஐந்து ஊர்களில் ஒன்றிலோ லெவான்தோவிலோ தங்கி, எந்தத் தடம் திறந்திருக்கிறது என்பதை முந்தின மாலை பூங்காவின் அறிவிப்பில் பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். செப்டம்பரில் போகிறவர்கள் வோலாஸ்த்ரா தடத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்கட்டும். அது அறுவடைக் காலம். அப்போது பறிக்கும் பழங்களில் ஒரு பகுதியை வாரக்கணக்கில் நிழலில் உலரவைத்துத்தான் ‘ஷாக்கெத்ரா’ என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறார்கள். அந்தப் பழம் சுமப்பவருக்கு ஒதுங்கி வழிவிட, தடத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கே இடம் இருக்கும்.