பிரீமியத்தில் வரி போனது, அடக்கம் என்ன ஆயிற்று?

மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் மளிகைக் கடைக்காரர்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்கள். கடையில் வேலை செய்யும் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கலாம், முதலாளிக்குக் கிடையாது. அரசின் இலவசக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு குறுக்கே நிற்கும். ஆகவே நம்மில் பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் பாலிசி எடுக்கிறோம். அதனால் பிரீமியத்தின் மீதான ஜி.எஸ்.டி. பற்றிய விவாதம் நேராக நம் கல்லாவைத் தொடுவது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பிரீமியத்தின் மீது 18 சதவீதம் விழுந்தது. அதற்கு முன்பு சேவை வரி 15 சதவீதம். 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே இந்த வரியை நீக்கக் கோரி நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சேவை வரி முன்பும் இருந்தது, வசூலில் பெரும்பகுதி மாநிலங்களுக்கே போகிறது என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர்கள் குழு அமைத்தார்கள். ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கும், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுக்கும் பாலிசிக்கும் வரி இல்லை.

30,000 ரூபாய் பிரீமியத்துக்கு 5,400 ரூபாய் வரி சேர்த்து 35,400 கட்டியவருக்கு இனி 30,000 போதும் என்பது காகிதக் கணக்கு. அப்படியே நடக்குமா என்பதை நம்மவர்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசி வியாபாரத்திலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத வரி வந்ததும், 26 கிலோ சிப்பம் கடைவீதிக்கு வந்துவிட்டது. சிப்பத்துக்கு வரி இல்லைதான். ஆனால் ஆலைக்காரர் காலிப் பைக்கும் இயந்திரச் சாமானுக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. அது அரிசியின் அடக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வரி விலக்கு வேறு, உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் பூஜ்ய வரி வேறு. ஏற்றுமதி செய்பவருக்குத்தான் இரண்டாவது சலுகை.

காப்பீட்டுக் கம்பெனியின் கதையும் அதுவே. ஏஜென்டு கமிஷன், ஆபீஸ் வாடகை, கம்ப்யூட்டர் செலவு ஆகியவற்றின் மேல் கட்டும் வரி இனி அவர்களுக்கு வரவு ஆகாது. பேச்சுக்கு ஒரு பாலிசிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், அவர்கள் லாபம் குறையாமலிருக்கப் பிரீமியம் 31,000 ஆக வேண்டும். நமக்கு மிச்சம் 5,400 அல்ல, 4,400. சில கம்பெனிகள் பிரீமியத்தில் கை வைக்காமல் ஏஜென்டு கமிஷனுக்குள் அந்த வரியை அடக்கிவிட்டன. சோப்புக் கம்பெனி விலையை ஏற்றாமல் கடைக்காரர் மார்ஜினைக் குறைப்பது போலத்தான்!

எனவே புதுப்பிப்பு நோட்டீஸ் வந்தால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சென்ற ஆண்டு ரசீதில் வரிக்கு முந்திய தொகை என்ன, இந்த ஆண்டு அது என்ன என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கு அந்தக் காப்பு இல்லை. பிரீமியத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கட்டுங்கள். பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்குப் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு, ரொக்கமாகக் கட்டினால் அது போய்விடும்.

என் அபிப்பிராயத்தில், வரியை நீக்கியது நல்ல காரியமே என்றாலும் அது ஒரு முறை கிடைக்கும் தள்ளுபடி. பிரீமியத்தை ஆண்டுதோறும் ஏற்றுவது ஆஸ்பத்திரி பில். நாம் விற்கும் தீப்பெட்டிக்குக்கூட எம்.ஆர்.பி. அச்சடிக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தார்கள், மருந்து பூசிய ஸ்டென்டு 29,600 ரூபாய்க்கு வந்தது. ஆனால் அதைப் பொருத்தும் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் அந்த உத்தரவில் வரம்பு இல்லை. விவாதம் அந்தப் பக்கம் இன்னும் போதிய அளவு திரும்பவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 2025 செப்டம்பர் முடிவில் குழு பாலிசிக்கு விலக்கு தரவில்லை. பெரிய கம்பெனி தன் ஊழியருக்கு எடுப்பதும், வியாபாரிகள் சங்கம் உறுப்பினர்களிடம் பணம் திரட்டி எடுப்பதும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டுவிட்டன. 18,000 ரூபாய்ப் பிரீமியத்துக்கு 3,240 ரூபாய் வரியை உறுப்பினர் தன் பையிலிருந்துதான் கொடுக்கிறார். சங்கங்கள் வழியாக எடுக்கும் குழு பாலிசிக்கும் விலக்கு கேட்டு மாவட்டச் சங்கங்கள் மனு கொடுக்க வேண்டும்.

அதுவரை வரி மிச்சமாகும் என்று குழு பாலிசியை விட்டு அவசரப்பட்டு வெளியேற வேண்டாம். பல குழு பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனிப் பாலிசி புதிதாக எடுத்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். மாறுவதானால், குழுவில் இருந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, புதுப் பாலிசி கையில் வந்த பிறகு பழையதை விடுங்கள்.